வெயில் எத்தனை வாட், பாஸ்?

"யப்பா... என்னா வெயிலு!"

மார்ச் பிறந்துட்டா போதும், இந்த டயலாக் இல்லாமல் எந்த காலேஜ் கேன்டீனும் திறப்பதில்லை. சாயங்காலம் நியூஸ்ல 'வேலூர் 41 டிகிரி, திருத்தணி 41 டிகிரி'னு வரிசையா வாசிப்பாங்க. நாமளும் வெயிலையே அளந்து கையில கொடுத்த மாதிரி தலையாட்டிட்டு சேனலை மாத்திடுவோம்.

ஒரு நிமிஷம் பாஸ்! அந்த 41 டிகிரி வெயிலோட அளவே கிடையாது. அது காற்றின் சூடு. அதுவும் நிழலில் அளந்தது! காற்று மட்டும் புகுந்து போகிற மாதிரி பலகை அடித்த ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்து, ஒரு சொட்டு வெயில்கூட மேலே படாமல் எடுக்கிற கணக்கு அது.

அப்போ நிஜமான வெயிலை, அதாவது நம்ம தலையில் கொட்டுகிற சூரிய சக்தியை எதில் அளக்கிறது? 'ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட்?' என்பதுதான் கேள்வி. கிளாஸில் கேட்டுப் பாருங்க. சிவில் பையன் மெக்கானிக்கலைக் கை காட்டுவான், மெக்கானிக்கல் பையன் ட்ரிபிள்-ஈயைக் கை காட்டுவான், ட்ரிபிள்-ஈ பையன் 'அவுட் ஆஃப் சிலபஸ்'னு எழுந்து போயிடுவான்!

ஆனா, இந்த ஒரு நம்பரை நம்பித்தான் இன்னிக்குப் பல கோடி ரூபாய் மொட்டை வெயிலில் காய்ந்துகொண்டு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் வந்ததே... சுமார் 25 லட்சம் பேனல்கள்! அங்கே வருஷம் முழுக்க எவ்வளவு வெயில் விழும்னு முன்கூட்டியே ஒரு நம்பர் தெரியாமல் யாராவது பணம் போடுவாங்களா? அந்த நம்பர் எங்கிருந்து வருது, எவ்வளவு தூரம் நம்பலாம்... வாங்க, பார்க்கலாம்.

சூரியன் அனுப்புற பார்சல்

சூரியனிலிருந்து கிளம்புகிற ஒளி சுமார் 8 நிமிஷம் 20 செகண்டில் நம்மகிட்ட வந்து சேர்கிறது. காற்று மண்டலத்துக்கு வெளியே போய், சூரியனைப் பார்த்து ஒரு சதுர மீட்டர் அட்டையை நேராகப் பிடித்தால், அதில் விழுகிற சக்தி 1361 வாட். ஹாஸ்டலில் வார்டன் கண்ணில் படாமல் பக்கெட்டுக்குள்ள போடுவீங்களே இம்மர்ஷன் ஹீட்டர், கிட்டத்தட்ட அதில் ஒண்ணு! இதற்குப் பெயர் 'சூரிய மாறிலி'.

முதன்முதலில் இதை உருப்படியாக அளந்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கிளாட் பூயே. கறுப்பு பூசிய ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், அவ்வளவுதான் கருவி. வெயிலில் காட்டி, தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடேறுகிறது என்று பார்த்து, 1838-ல் அவர் சொன்ன கணக்கு இன்றைய அளவில் சுமார் 1228 வாட். ராக்கெட் இல்லை, சாட்டிலைட் இல்லை. பத்து சதவிகிதம்தான் வித்தியாசம். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் கில்லாடி!

நம்ம அண்ணன், அக்கா படித்த பழைய புத்தகங்களில் 1367 என்று இருக்கும். 2003-ல் விண்வெளிக்குப் போன 'சோர்ஸ்' சாட்டிலைட்டின் கருவி அதைவிடக் குறைவாகக் காட்டியது. எது சரி என்று பல வருஷம் பஞ்சாயத்து. கடைசியில் பார்த்தால், முந்தைய கருவிகளுக்குள் தேவையில்லாத ஒளி கொஞ்சம் சிதறிப் புகுந்து கணக்கை ஏற்றிவிட்டிருக்கிறது. 2011-ல் 1361 என்று முடிவானது. சூரியன் அப்படியேதான் இருந்தது. அளந்த கருவிதான் மாறியது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, கட்டுரை முழுக்க இது வந்துக்கிட்டே இருக்கும்.

இன்னொரு ஆச்சர்யம்: பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது மே மாசம் இல்லை, ஜனவரி முதல் வாரம்! நாம் மார்கழிப் பனியில் போர்வையை இழுத்துப் போர்த்தும் அதே நாளில், மேலே வந்து சேர்கிற வெயில், ஜூலை மாதத்தைவிட சுமார் 7 சதவிகிதம் அதிகம். பருவத்தைத் தீர்மானிப்பது பூமியின் சாய்வுதான், தூரம் அல்ல.

வழியெல்லாம் டோல்கேட்!

சரி, மேலே 1361. நம்ம மொட்டைமாடிக்கு எவ்வளவு வருது? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. காற்று மண்டலம் முழுக்க டோல்கேட்கள். ஒவ்வொருத்தரும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் விடுகிறார்கள்.

முதல் டோல்கேட், ஓசோன். புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை மேலேயே பிடித்துக்கொள்கிறது. அடுத்து, காற்றின் மூலக்கூறுகள். இவை நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். மூன்றாவது, நீராவி. அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதி இதற்குத் தீனி. நான்காவது, தூசி, புகை, கடல் உப்புத் துகள்கள். இவற்றுக்கு மொத்தமாக 'ஏரோசால்' என்று பெயர். கடைசியாக, எல்லாருக்கும் பெரியண்ணன், மேகம். மனசு வைத்தால் விடும், இல்லாட்டி வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிடும்!

ஒரு கணக்குப் போடுவோமா? சித்திரை மாசம், ஏப்ரல் கடைசி வாரம், சென்னையில் உச்சி வேளை. சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. அந்த நாளின் தூரத்துக்கு ஏற்ப மேலே வந்து சேர்வது சுமார் 1343 வாட். மேகமே இல்லாத நாளில் தரைக்கு வருவது தோராயமாக 900 முதல் 1000 வாட். மிச்சமெல்லாம் டோல் கட்டணம்! அதே சூரியன் காலையில் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, ஒளி கடந்து வர வேண்டிய காற்றின் அளவு இரண்டு மடங்கு. ரூட் நீளமானால் டோல்கேட் ஜாஸ்தி.

தரைக்கு வருவதிலும் இரண்டு ஜாதி உண்டு. சூரியனிடமிருந்து அம்பு மாதிரி நேராக வருவது 'நேர் வெயில்'. சிதறிப் போய், வானம் முழுக்க இருந்து சுற்றி வளைத்து வருவது 'சிதறல் வெயில்'. மரத்தடியில் நின்று புத்தகம் படிக்க முடிகிறதே, அது சிதறல் வெயிலின் புண்ணியம். சாதாரண சோலார் பேனல் இரண்டையும் சாப்பிடும். கண்ணாடிகளை வளைத்து வெயிலை ஒரே இடத்தில் குவித்து, அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி டர்பைன் சுற்றும் மின்நிலையம் இருக்கே, அதற்கு நேர் வெயில் மட்டும்தான் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் ராஜஸ்தானில் பார்க்கப் போறோம்.

நடுவில் ஒரு குஷி தகவல்: பஞ்சுப் பொதி மாதிரி மேகங்கள் மிதக்கும் நாளில், சூரியன் மேகத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் சில செகண்டுகளுக்கு, தரையில் இருக்கும் கருவி 1361-ஐயே தாண்டிவிடுவது உண்டு! நேர் வெயிலோடு, மேகத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்துகொள்வதால் வரும் போனஸ் அது.

கண்ணாடிக்குள்ள கறுப்புப் பொட்டு

இதையெல்லாம் அளக்கிற ஹீரோவின் பெயர் பைரனோமீட்டர். பார்க்க ஒண்ணும் பெரிசா இருக்காது. உள்ளங்கை அளவு வெள்ளைத் தட்டு, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம். கறுப்புப் பொட்டு வெயிலைக் குடித்துச் சூடாகும். அதற்கும் அடியில் இருக்கும் உலோகத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை ஒரு தெர்மோபைல் மின்னழுத்தமாக மாற்றும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் படித்த தெர்மோகப்பிள் ஞாபகம் இருக்கா? அதையே வரிசையாக நிறையக் கோத்தால் தெர்மோபைல். இன்டர்னல் மார்க்குக்காக மனப்பாடம் பண்ண அயிட்டத்துக்கு இப்படி ஒரு வாழ்க்கை!

இதில் சிக்கல் என்ன தெரியுமா? நல்ல வெயிலில், 1000 வாட் விழும்போதுகூட, வெளியே வருவது 10 மில்லிவோல்ட் அளவுதான். ஒரு பென்சில் பேட்டரியின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. காற்று அடித்தால் கறுப்புப் பொட்டு குளிர்ந்துவிடும், அதனால்தான் கண்ணாடிக் கிண்ணம். தட்டு லேசாகச் சாய்ந்திருந்தால் காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் ஒத்துப்போகாது. கண்ணாடியில் தூசி படிந்தால் வெயில் குறைந்த மாதிரி காட்டும். நம்ம ஊர் காக்கா ஒண்ணு மேலே உட்கார்ந்து வேலையைக் காட்டிட்டா... அன்னிக்கு டேட்டா அம்பேல்!

நேர் வெயிலை அளக்க இன்னொரு கருவி: பைர்ஹீலியோமீட்டர். ஒரு நீளக் குழாய். சூரியனைச் சுற்றி 5 டிகிரி அகலத்துக்கு மட்டும்தான் அதற்குக் கண் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை சூரியன் பின்னாலேயே திரும்பிக்கொண்டு இருக்க, ஒரு மோட்டார் ட்ராக்கர். சிதறல் வெயிலுக்கு? பைரனோமீட்டர்மேல் எப்போதும் நிழல் விழுகிற மாதிரி ஒரு சின்னப் பந்தைப் பிடித்துவிட்டால் போதும். நேர் வெயில் மறைந்து, மிச்சம் சிதறல் மட்டும்.

ஆக மூன்று கருவி, மூன்று நம்பர். நேர் வெயிலை சூரியனின் சாய்வுக்கு ஏற்பக் குறைத்து, அதோடு சிதறலைக் கூட்டினால் மொத்த வெயில் வந்தாகணும். பங்க் அடித்த மூன்று ஃப்ரெண்ட்ஸைத் தனித்தனியாக விசாரிக்கும் ஹெச்.ஓ.டி மாதிரி! மூன்று பேர் கதையும் ஒத்துப்போகலைன்னா, யாரோ ஒருத்தர் பொய் சொல்றார்னு அர்த்தம்.

சரி, கருவி சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? சுவிட்சர்லாந்தில் தாவோஸ் என்ற மலை ஊர். அங்கேதான் உலகக் கதிர்வீச்சு மையம் இருக்கிறது. ஒரு கறுப்புக் குழிக்குள் சூரிய ஒளியை விட்டு, அது உண்டாக்கும் சூட்டை, அதே சூட்டை உண்டாக்கத் தேவையான மின்சாரத்தோடு ஒப்பிடும் கருவிகள் அங்கே இருக்கின்றன. 5 வருஷத்துக்கு ஒருமுறை பல நாட்டுக்காரர்கள் தங்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே கூடுகிறார்கள். வாட்ச்சில் டைம் சரிபார்க்கிற மாதிரி!

பிரசிடென்சி அக்கா

நம்ம நாட்டில் இந்த வேலையை நிமிர்த்தி உட்கார வைத்தவர் ஒரு பெண். பெயர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை பிரசிடென்சி காலேஜில் 1939-ல் பட்டம் வாங்கியவர். மெரினா எதிரே பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்க்கிறீங்களே, அதே காலேஜ்தான்!

பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் சேர்ந்து, வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஆய்வறிக்கையும் தயார். ஆனால், எம்.எஸ்ஸி. முடிக்கவில்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அம்மணி அசரவில்லை. உதவித்தொகையில் லண்டன் போய், வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு, 1948-ல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் புனேயில் சேர்ந்தார்.

அப்போது சாதாரண மழைமானிக்கும் தெர்மாமீட்டருக்கும்கூட வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை. சுமார் 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்ய வழிபண்ணியது அவருடைய குழு. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில், இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை. 1976-ல் வானிலைத் துறையின் துணை தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஓயவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தகவல் கையேடு 1980-ல் வந்தது. சோலார் வாட்டர் ஹீட்டர்கூட அபூர்வமாக இருந்த காலத்திலேயே, எந்த ஊரில் எவ்வளவு வெயில் என்று அச்சில் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். 2001-ல் காலமானார். டாக்டர் பட்டம் இல்லை. ஆனால், இந்தியாவில் சோலார் பற்றி யார் டாக்டர் பட்டம் வாங்கினாலும், அதற்கு அடியில் இருப்பது அவர் போட்ட அஸ்திவாரம்!

அளக்காத இடத்துக்கு என்ன பண்றது?

எல்லா கிராமத்திலும் பைரனோமீட்டர் வைக்க முடியாதே! அதற்குத்தான் 'மாடல்'.

ரொம்பப் பழைய மாடல் ஒண்ணு, 1924-ல் ஸ்வீடன்காரர் ஆங்ஸ்ட்ரோம் சொன்னது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் 'பளிச்' வெயில் அடித்தது என்று தெரிந்தால், மொத்தச் சக்தியை ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டில் கணக்கிடலாம். வெயில் நேரத்தை எண்ண ஒரு கண்ணாடி உருண்டை போதும். பழைய வானிலை நிலையங்களில் பார்க்கலாம். உருண்டை வெயிலைக் குவித்து, பின்னால் இருக்கும் அட்டையைச் சுடும். மேகம் வந்தால் சுடாது. சாயங்காலம் அட்டையில் கருகின கோட்டின் நீளத்தை அளந்தால், எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிடும். சின்ன வயசுல பூதக்கண்ணாடி வெச்சுப் பேப்பரை எரிச்சீங்களே, அதே டெக்னிக்!

ஆனா, அந்தச் சமன்பாட்டில் இரண்டு மாறிலிகள் உண்டு. அவை ஊருக்கு ஊர் மாறும். அவற்றைக் கண்டுபிடிக்க என்ன வேணும்? ஏற்கெனவே சரியாக அளந்த டேட்டா!

இன்றைய மாடல்கள் சாட்டிலைட் படத்தில் மேகத்தைப் பார்த்து, ஓசோன், நீராவி, ஏரோசால் என ஒவ்வொரு டோல்கேட்டிலும் எவ்வளவு கழியும் என்று கணக்குப் போட்டு, கிலோமீட்டர் கணக்கில் கட்டம் கட்டமாக நாடு முழுக்க வெயில் மேப் போட்டுக் கொடுக்கின்றன. பிரமாதமான வேலை. மேகத்தை சாட்டிலைட் நன்றாகவே பார்க்கிறது. கோட்டை விடுவது தூசியில். மேலே இருந்து பார்க்கும்போது, வெளிறிய பாலைவன மண்ணுக்கு மேலே மிதக்கும் வெளிறிய தூசியைப் பிரித்துப் பார்ப்பது சாட்டிலைட்டுக்கும் கஷ்டம்.

இப்போ ராஜஸ்தான் வருவோம். தேசிய சூரிய சக்தித் திட்டத்தின் முதல் கட்டத்தில், 2010-ல், வெயிலைக் குவிக்கும் வகை மின்நிலையங்கள் 7, மொத்தம் 470 மெகாவாட், ஒதுக்கப்பட்டன. பெரும்பாலானவை ராஜஸ்தானில். 'பாலைவனம், சுட்டெரிக்கும் வெயில், அப்புறம் என்ன?' என்று எல்லோரும் நினைத்தார்கள். கையில் இருந்தது பெரும்பாலும் சாட்டிலைட் மாடல் சொன்ன நம்பர்தான். தரையில் கருவி வைத்து அளந்தபோது, நேர் வெயில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தூசி அதை உடைத்துச் சிதறலாக மாற்றிக்கொண்டு இருந்தது. மொத்த வெயிலில் பெரிய குறை தெரியாது. ஆனால், குவிக்கும் கண்ணாடிக்குச் சிதறல் வெயில் உதவாதே! உதிரிபாகம் கிடைக்கும் தாமதம், கடன் கிடைக்கும் தாமதம் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2013-ல் கிரிடுக்கு வந்தது 50 மெகாவாட் கொண்ட ஒரே ஒரு நிலையம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011-ல் நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் காற்றாற்றல் ஆய்வு நிறுவனத்திடம் (இன்றைய தேசிய காற்றாற்றல் நிறுவனம்) பொறுப்பைக் கொடுத்து, முதல் கட்டமாக நாடு முழுக்க 51 அளவீட்டு நிலையங்கள் வைக்கப்பட்டன. அதாவது, வெயிலைத் தேடி ராஜஸ்தான் போன நாடு, அதை அளக்க வேளச்சேரி-தாம்பரம் ரோட்டுக்குத் திரும்பி வந்தது!

மங்குதா நம்ம வெயில்?

தூசி, புகை விஷயம் ராஜஸ்தானோடு முடியவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்த வீ.ராமநாதன், பின்னாளில் உலகப் புகழ் வானிலை விஞ்ஞானி ஆனவர். அவரும் அவருடைய நண்பர்களும் 1999-ல் இந்தியப் பெருங்கடலில் நடத்திய 'இண்டோயெக்ஸ்' ஆய்வில், தெற்காசியாவின் மேல் சுமார் 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்பு நிறப் புகைமூட்டம் பரவிக் கிடப்பது தெரியவந்தது. விறகு, டீசல், நிலக்கரி... எல்லாப் புகையும் அதில் சங்கமம்.

இந்திய வானிலைத் துறையின் 12 நிலையங்களில் 1981 முதல் 2004 வரை பதிவான அளவீடுகளை விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்தார்கள். தரைக்கு வரும் வெயில், சராசரியாக வருஷத்துக்கு சதுர மீட்டருக்கு 0.86 வாட் வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு ஒண்ணுமே இல்லை. ஆனா, 23 வருஷத்தைப் பெருக்கிப் பாருங்க, சுமார் 20 வாட்! தினமும் கண்ணாடியைத் துடைத்து, பேப்பரில் நம்பர் எழுதி வைத்த ஆட்கள் இல்லையென்றால், இது யாருக்குமே தெரிந்திருக்காது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத மாற்றம் இது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் ஆதாரம் உண்டு. 2020 லாக்டவுனில் டெல்லியில் வண்டி இல்லை, புகை இல்லை. மார்ச் கடைசியில் அங்கே பேனல்களுக்குக் கிடைத்த வெயில், முந்தைய வருஷங்களைவிட சுமார் 8 சதவிகிதம் கூடியிருந்ததாக அதே வருஷம் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. புகையை நுரையீரலுக்கு எதிரி என்றுதான் இதுவரை சொல்லி வந்தோம். பேனலுக்கும் அதுதான் எதிரி!

பாங்க் மேனேஜர் கேட்கிற கேள்வி

'எட்டு சதவிகிதம் எல்லாம் ஒரு மேட்டரா?' என்று கேட்காதீங்க. ஒரு கணக்கு. 100 மெகாவாட் சோலார் நிலையம் வருஷத்துக்குச் சுமார் 16 கோடி யூனிட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் கணக்கு 5 சதவிகிதம் பிசகினால், 80 லட்சம் யூனிட் காலி. யூனிட் 3 ரூபாய் என்றால், வருஷத்துக்கு 2 கோடியே 40 லட்சம் ரூபாய். 25 வருஷத்துக்கு 60 கோடி! கடனைக் கட்ட வேண்டிய பணம் அது.

அதனால்தான் கடன் கொடுக்கிறவர்கள் 'சராசரியா எவ்வளவு வரும்?' என்பதோடு விடுவதில்லை. 'பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் நிச்சயமா இதுக்குக் கீழே போகாதுன்னு ஒரு நம்பர் சொல்லு' என்கிறார்கள். முதல் நம்பர் 'பி-50', இரண்டாவது 'பி-90'. அளவீடு எவ்வளவு துல்லியமோ, அந்த அளவுக்கு இரண்டும் நெருங்கி வரும். நெருங்கினால் கடன் சுலபம். ஆக, யாரோ ஒருத்தர் காலையில் கண்ணாடிக் கிண்ணத்தை மெல்லிய துணியால் துடைப்பதற்கும், பெரிய பெரிய ஆபீஸில் கையெழுத்து விழுவதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

மொட்டைமாடி லேப்

'நமக்கெல்லாம் பைரனோமீட்டர் வாங்கக் காசு ஏது?' என்று பெருமூச்சு வேண்டாம். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கே போதுமான சரக்கு உங்க லேபிலேயே இருக்கு.

அமெரிக்காவில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்று ஒருவர். அறிவியலில் டிகிரி இல்லாதவர். சாதாரண எல்.இ.டி-யை வெயிலில் காட்டினால், அது குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உணர்கிற கருவியாக வேலை செய்யும் என்பதைப் பிடித்துக்கொண்டு, 1990 முதல் டெக்ஸாஸில் தன் வீட்டுப் பக்கம் வானத்தை அளந்து வருகிறார். நீங்களும் செய்யலாம். ஒரு சின்னக் குழாய், அதன் அடியில் ஒரு எல்.இ.டி, ஓர் ஆப்-ஆம்ப், ஒரு மல்டிமீட்டர். குழாயை சூரியனை நோக்கிப் பிடித்தால் ஒரு வோல்டேஜ் வரும். (சூரியனைக் கண்ணால் பார்த்துக் குறி வைக்காதீங்க! குழாயின் நிழல் எப்போது வட்டமாகச் சுருங்குதோ, அப்போது நேராக இருக்குன்னு அர்த்தம்.)

மேகமே இல்லாத ஒரு காலையில், 7 மணியிலிருந்து 10 மணி வரை கால் மணிக்கு ஒரு ரீடிங். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலையும் அளந்துக்கோங்க. குச்சி நுனியிலிருந்து நிழல் நுனி வரை உள்ள தூரத்தை, குச்சியின் உயரத்தால் வகுத்தால், ஒளி எத்தனை மடங்கு காற்றைக் கடந்து வருதுன்னு தெரிந்துவிடும். பிதாகரஸ் தாத்தா கைகொடுப்பார். இப்போ வோல்டேஜின் லாகரிதத்தை ஒரு பக்கமும், காற்றின் மடங்கை ஒரு பக்கமும் வைத்து கிராஃப் போடுங்க. நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சரிவுதான் உங்க ஊர்க் காற்று எவ்வளவு கலங்கியிருக்கு என்பதன் அளவு.

அந்தக் கோட்டை அப்படியே பின்னால் நீட்டி, காற்றே இல்லாத பூஜ்யத்துக்குக் கொண்டு போங்க. அங்கே கிடைப்பது, காற்று மண்டலத்துக்கு வெளியே அந்தக் கருவியைப் பிடித்தால் காட்டக்கூடிய ரீடிங்! அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி 19-ம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திய வழி. 1881-ல் கலிஃபோர்னியாவின் விட்னி மலைமேல் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கடைசியில் அவர் சொன்ன சூரிய மாறிலி நிஜத்தைவிட ரொம்ப அதிகமாகப் போய்விட்டது என்றாலும், வழி நின்றுவிட்டது. இன்றைக்கும் அதற்கு 'லாங்லி பிளாட்' என்றுதான் பெயர். ஐ.ஐ.டி. கான்பூரில் 2001 முதல் ஓடும் நாசாவின் சூரிய ஒளிமானி இருக்கே, அந்த வகைக் கருவிகளைச் சரிபார்ப்பதற்கும் அடிப்படை இதே கிராஃப்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு கிராஃப், மறுநாள் ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க. போகிக்கும் அப்படியே. உங்க தெருவின் வானத்தைப் பற்றி உலகத்தில் வேறு யார்கிட்டயும் இல்லாத டேட்டா உங்க லேப் நோட்டில் இருக்கும். நாசாவின் 'பவர்' தளத்தில் எந்த ஊருக்கும் மாடல் வெயில் கணக்கு இலவசம். அதை இறக்கி, ஒரு சின்ன சோலார் செல்லை வைத்து நீங்க எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்க. எந்த நாளில் மாடல் சறுக்குது, ஏன் சறுக்குதுன்னு தேட ஆரம்பிச்சீங்கன்னா, வைவாவில் எக்ஸ்டெர்னல் எழுந்து நின்னு கை குலுக்குவார்!

இனிமே யாராவது 'நம்ம ஊர்ல வருஷத்துக்கு 300 நாள் வெயில், சோலார் போட்டா கொட்டும்'னு சொன்னா, மூணே மூணு கேள்வி கேளுங்க. அது அளந்த வெயிலா, மாடல் வெயிலா? நேர் வெயிலா, மொத்த வெயிலா? அளந்த கருவியின் கண்ணாடியைக் கடைசியா எப்போ துடைச்சாங்க? பதில் தெரிஞ்சவரா இருந்தா, அவர்கிட்டயே இன்டர்ன்ஷிப் கேட்டுடுங்க.

இப்போதைக்கு, லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட நல்லபடியா பேசி, மல்டிமீட்டரை ஒரு நாளைக்குக் கடன் வாங்குற வழியைப் பாருங்க. நாளைக்கு வானம் பளிச்னு இருந்தா, காலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில முதல் ரீடிங்!